பித்தளை டோக்கனும் ஒரே ஒரு சட்டைப் பையும்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாத ராத்திரி, எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரின் கல்லூரி விண்ணப்பங்களை நான் ஒன்றோடொன்று கலந்துவிட்டேன். உதவி செய்யப் போய் வந்த வினை. கடைசி நேரத்தில் கண்ணில் பட்டதால் பிழைத்தேன். அது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தபோது, கம்ப்யூட்டர் உலகத்தின் அறுபது வருடக் கதை ஒன்று கிடைத்தது. நம்மில் பலரும் பேரப்பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்த மாதிரி வேலைகளைச் செய்து கொடுக்கிறோம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் அக்கா தங்கை இருவர் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் தறி. இரண்டு வீட்டிலும் அந்த வருடம் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பெயர் வேண்டாம், அக்கா மகள், தங்கை மகள் என்றே சொல்கிறேன். "அண்ணே, பிரவுசிங் சென்டர்ல கூட்டம் தாங்கல. தறியை விட்டுட்டு அரை நாள் அங்க நிக்க முடியாது. நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க" என்று இரண்டு தாய்மார்களும் கேட்டார்கள். என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை நான் பயன்படுத்துவதைவிடத் தெரு பயன்படுத்துவதுதான் அதிகம்.

சாப்பிட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்தோம். இருவருக்கும் ஒரே இணையதளம்தான். முதல் டேப்பில் அக்கா மகளின் லாகினைப் போட்டேன். மேலே அவள் பெயர் வந்தது. அவளுடைய சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய நேரமானது. சும்மா இருப்பானேன் என்று பக்கத்திலேயே இன்னொரு டேப் திறந்து, தங்கை மகளின் லாகினைப் போட்டு, அவள் விவரங்களை நிரப்ப ஆரம்பித்தேன். ஸ்கேன் முடிந்ததும் முதல் டேப்புக்குத் திரும்பினேன். அங்கே அக்கா மகளின் பெயர் அப்படியே இருந்தது. அவளுடைய முதல் பட்டதாரி சான்றிதழை அதில் ஏற்றினேன். சேமிக்கப்பட்டது என்று பதில் வந்தது. எனக்கும் திருப்தி.

பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்று தங்கை மகளின் விண்ணப்பத்தைத் திறந்தேன். அவள்தான் கவனித்தாள். "தாத்தா, என் பேருக்குக் கீழ அக்காவோட சர்டிபிகேட் வந்திருக்கு" என்றாள்.

எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா மகளின் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அதற்காகத்தான் முதல் பட்டதாரி சான்றிதழ். அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தங்கை மகளுக்கோ ஏற்கெனவே பி.காம். முடித்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவள் அந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது. நான் செய்த காரியத்தால் ஒருத்திக்குச் சலுகை போயிருக்கும். இன்னொருத்தி தகுதியில்லாத சலுகைக்குப் பிறருடைய சான்றிதழைக் காட்டியதாக ஆகியிருக்கும். சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்கு முன்னால் போய் நின்று "தாத்தா ரெண்டு டேப் திறந்துட்டார்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

பணம் கட்டாததால் திருத்த வழி இருந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒருத்தி வேலையை முழுதாக முடித்து, வெளியேறி, பிறகு அடுத்தவளுடையதைச் செய்தோம். முடிக்கும்போது மணி ஒன்று. மறுநாள் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போன் செய்தேன். சிரித்தான். "மாமா, ரெண்டு டேப் திறந்தா ரெண்டு ஆள்னு நெனச்சீங்களா? பிரவுசருக்கு எப்பவும் ஒரே ஆள்தான்" என்றான். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தேட வைத்தது.

கதை பிரவுசருக்கு முப்பது வருடம் முன்னாலேயே தொடங்குகிறது. ஒரு கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம். ஒருவர் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் வேலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு 1961-ல் ஒரு புது முறையைச் செய்து காட்டியது. ஒரே இயந்திரம், பல முனையங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம். இயந்திரத்தின் வேகத்தில் ஒவ்வொருவருக்கும் அது தனக்கே சொந்தம் போலத் தோன்றும். நேரப் பங்கீடு என்று இதற்குப் பெயர். பலர் பங்குபோட வந்தவுடன், யாருடைய கோப்பு யாருடையது என்ற கேள்வி வந்தது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்தது இந்தக் காலத்தில்தான். இன்று நாம் மறந்து மறந்து தவிக்கும் அந்தச் சொல்லுக்குக் கோர்பாட்டோவைத்தான் கைகாட்டுகிறார்கள். 1990-ல் கணினித் துறையின் மிக உயரிய டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அதே எம்.ஐ.டி. இயந்திரத்தில் 1960-களின் நடுவில் ஒரு விபத்து நடந்தது. ஒரு நாள் லாகின் செய்தவர்களுக்கெல்லாம், வழக்கமாக வரும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாகத் திரையில் வந்தது. யாரும் திருடவில்லை. காரணம் இதுதான்: கோப்புகளைத் திருத்தும் நிரல், திருத்தும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். அதற்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒரு கணக்குக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் இருப்பான் என்று நம்பி அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் இயந்திரத்தைப் பராமரித்தவர்கள் பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொருவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயர். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். எம்.ஐ.டி.யில் நடந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையறையில் நடந்ததும் ஒரே ஜாதித் தவறுதான். ஒரு ஆளுக்கென்று செய்த இடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தோம்.

இனி இணையத்துக்கு வருவோம். 1989-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையைத் திட்டமிட்டபோது, அதன் நோக்கம் ஆராய்ச்சிக் காகிதங்களைப் பகிர்வது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும், அத்தோடு மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டு வந்தவன் அதே ஆளா, வேறு ஆளா என்று அதற்குத் தெரியாது. நூலகத்தில் புத்தகத்தை அங்கேயே படித்துவிட்டு வைப்பவனின் பெயர் எதற்கு? அந்த மறதியால்தான் வலை எளிமையாக இருந்தது, வேகமாகப் பரவியது.

கடை வைக்க வந்தபோதுதான் சிக்கல். கூடையில் சோப்பு போட்டவன் அடுத்த பக்கத்துக்குப் போனால் கடைக்காரனுக்கு அவனை அடையாளம் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி என்ற இருபத்து சொச்சம் வயது இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். முதல் முறை வரும்போது இணையதளம் ஒரு சிறு துண்டை பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது, கேட்காமலே அந்தத் துண்டை எடுத்துக் காட்டும். இதற்குக் குக்கீ என்று பெயர் வைத்தார். தின்னும் பிஸ்கட்டிலிருந்து நேராக வந்த பெயர் அல்ல. நிரல் எழுதுவோர் ஏற்கெனவே ஒரு வகை அடையாளத் துண்டுக்கு வைத்திருந்த பெயர். அதே வருடம் அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் முதல் பிரவுசரிலேயே அது இருந்தது.

நம் வயதுக்காரர்களுக்குக் குக்கீயை விளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வங்கிகளில் பித்தளை டோக்கன் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? காசோலையைக் கவுண்டரில் கொடுத்தால் எண் பொறித்த வட்டமான பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். காசோலை உள்ளே லெட்ஜர், அதிகாரி என்று சுற்றிவிட்டுக் காசாளரிடம் போகும். அவர் நம்பரைக் கூப்பிடுவார். வில்லையை வைத்திருப்பவர் போய் நிற்பார். காசாளர் முகத்தைப் பார்த்தாலும், அவர் நம்புவது வில்லையைத்தான். லாகின் என்பது கவுண்டரில் காசோலையும் கையெழுத்தும் கொடுக்கும் நேரம். அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் டோக்கனைக் காட்டித்தான். பாஸ்வேர்டை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்பதில்லையே, ஏன் என்று யோசித்ததுண்டா? பிரவுசர் உங்களுக்காக ஒவ்வொரு முறையும் டோக்கனைக் காட்டிக்கொண்டிருக்கிறது. லாகின் செய்தது முதல் வெளியேறும் வரையிலான இந்தக் காலத்தைத்தான் செஷன் என்கிறார்கள்.

இப்போது என் தவறு எங்கே என்று பாருங்கள். பிரவுசருக்கு ஒரே ஒரு சட்டைப் பை. ஒரு தளத்தின் லாகின் டோக்கன் ஒன்றுதான் அதில் இருக்கும். அக்கா மகளின் லாகினைப் போட்டேன். அவள் டோக்கன் பைக்குள் வந்தது. பக்கத்து டேப்பில் தங்கை மகளின் லாகினைப் போட்டேன். பழைய டோக்கனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது டோக்கன் அதே பைக்குள் வந்தது. முதல் டேப்பில் தெரிந்த அக்கா மகளின் பெயர் ஏற்கெனவே எழுதி முடித்த எழுத்து, அவ்வளவுதான். திரும்ப வந்து சான்றிதழை ஏற்றியபோது, பிரவுசர் பையில் கை விட்டு எடுத்துக் காட்டியது தங்கை மகளின் டோக்கனை. தளமும் அவள் கணக்கில் வரவு வைத்தது. டேப் என்பது ஒரே பையை வைத்திருக்கும் ஆளின் இன்னொரு கை. இன்னொரு ஆள் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டோக்கன் தளத்துக்குத் தளம் வேறு. இந்த வங்கி வில்லையை அந்த வங்கியில் காட்ட முடியாதல்லவா? நம் ஊர்க்காரர்களில் பலருக்கு நகரி, புத்தூர் பக்கம் உறவும் உண்டு, சிலருக்கு நிலமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு நம் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது; எல்லைக் கோடு மாறியதே தவிர உறவு மாறவில்லை. அப்படிப்பட்டவர் ஆந்திர நிலப் பதிவேட்டுத் தளத்தையும் நம் பட்டா தளத்தையும் அடுத்தடுத்த டேப்பில் திறக்கலாம். குழப்பம் வராது. ஒரே தளத்தில் இரண்டு பேர் நுழையும்போதுதான் ஆபத்து.

மொன்டுல்லியைக் குறை சொல்ல முடியாது. அவர் நினைத்த உலகில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். நம் நாட்டில் இணையம் வந்த வழி வேறு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். பெரும்பாலோர் இணையத்தை முதலில் பார்த்தது பிரவுசிங் சென்டரில்தான். சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவேயின் ஐ-வே மையங்கள் ஒரு பக்கம், ஜெராக்ஸ் கடைக்குள் இரண்டு கம்ப்யூட்டர் போட்ட சிறு கடைகள் மறுபக்கம். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்காருவோம். நாம் எழுந்தால் நாற்காலி சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் உட்காருவார். பிரவுசரை மட்டும் மூடிவிட்டு, அல்லது அதையும் மூடாமல், மெயிலிலிருந்து வெளியேறாமல் எழுந்து போனவர்கள் எத்தனை பேர்! அடுத்து உட்கார்ந்தவர் முன்னால் முன்னவரின் டோக்கன் பையோடு கிடக்கும்.

அரசு இதற்கு விதி கொண்டுவந்தது. 2011 ஏப்ரலில் இணைய மையங்களுக்கான விதிகள் வெளியாயின. வருகிறவரிடம் அடையாளச் சான்று பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்பு வைத்தால் தரையிலிருந்து 4½ அடிக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. இரண்டு நாற்காலிக்கு நடுவில் பலகை எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு பேருக்கு நடுவில், பிரவுசருக்குள்ளே, என்ன தடுப்பு?

அந்த உள் தடுப்பும் ஒரே நாளில் வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. 1997-ல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. ஆளுக்கொரு சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஃபயர்ஃபாக்ஸுக்கும் அது பரம்பரைச் சொத்தாக வந்தது. ஆனால் அதைத் தேடிப் பிடித்துத் திறக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருவர் வேலையை மூடாமலே இன்னொருவர் பெயருக்கு மாற முடிந்தது. அதையும் நம் வீடுகளில் யார் பயன்படுத்தினோம்? எல்லோரும் ஒரே பெயரில்தான் நுழைந்தோம்.

2005-ல் ஆப்பிளின் சஃபாரியில் தடம் விடாமல் உலாவும் வசதி வந்தது. 2008-ல் கூகுள் குரோம் வந்தபோது அதிலேயே இன்காக்னிட்டோ என்ற ஜன்னல் இருந்தது. தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஆளின் படம் இருக்குமே, அது. அந்த ஜன்னல் ஒரு தனிப் பை. மூடியதும் பையைக் கொட்டிக் காலி செய்துவிடும். 2009-ல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இன்னொரு வழி வைத்தது. ஃபைல் மெனுவில் நியூ செஷன் என்று ஒரு வரி. அதை அழுத்தினால் தனிப் பையோடு இன்னொரு ஜன்னல் திறக்கும். அன்று எனக்கு வேண்டியிருந்தது துல்லியமாக அதுதான். பல வருடம் அந்த மெனுவைப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டதே இல்லை.

2010-ல் கூகுள் தன் பக்கத்திலிருந்து ஒரு வழி செய்தது. ஒரே பிரவுசரில் ஒன்றுக்கு மேற்பட்ட கூகுள் கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே படத்தைத் தட்டி மாறலாம். ஒரே வில்லையில் இரண்டு எண் பொறித்த மாதிரி. ஆனால் இது அந்தத் தளம் மனது வைத்தால்தான். பல தளங்களில் அந்த ஏற்பாடு இல்லை. 2011 கடைசியில் குரோம் பிரவுசரிலேயே ஆளுக்கொரு ப்ரொஃபைல் வந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் ஒரு படி போனது. 2016-ல் சோதித்துப் பார்த்து, 2017 செப்டம்பரில் கன்டெய்னர் என்ற பெயரில் எல்லோருக்கும் கொடுத்தது. ஒரே ஜன்னலில் நான்கு டேப். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. எது யாருடையது என்று தெரிய டேப்பின் மேல் நிறக்கோடு. சொந்த வேலைக்கு நீலம், அலுவலகத்துக்கு ஆரஞ்சு, வங்கிக்குப் பச்சை, கடைக்கு இளஞ்சிவப்பு. பெயரையும் நிறத்தையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை நிற நூல் ஒரு பாவில் ஓடினாலும், எந்த நிறம் எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் ஊர் நம்முடையது. நமக்கு இது புரியாமல் போகாது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. அது 2023 மே மாதம் உலா என்ற பிரவுசரை வெளியிட்டது. தமிழ்ப் பெயர்தான். கூகுள் திறந்து வைத்திருக்கும் குரோமியம் என்ற அடித்தளத்தின் மேல் கட்டியது. வேலைக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, மென்பொருள் எழுதுவோருக்கு ஒன்று, கட்டுப்பாடில்லாமல் சுற்ற ஒன்று என்று ஐந்து வகை அறைகளைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்திருந்தார்கள். இந்தியப் பிரவுசர் ஒன்றை உருவாக்க மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் ஜோஹோவுக்கு முதல் பரிசு, 1 கோடி ரூபாய், கிடைத்தது. மெனுவுக்குள் ஒளிந்திருந்த தடுப்பை வாசலிலேயே வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதலாவது, இன்காக்னிட்டோ ஜன்னல் எத்தனை திறந்தாலும் குரோமில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பைதான். சாதாரண ஜன்னலில் ஒருவர், இன்காக்னிட்டோவில் ஒருவர். ஆக இரண்டு பேர் வரை சரி. மூன்றாவது ஆள் வந்தால் பழைய குழப்பம் திரும்ப வரும். இரண்டாவது, அது நம்மை உலகத்திடமிருந்து மறைக்கிற மந்திரம் அல்ல. மூடியதும் நம் கம்ப்யூட்டரில் தடம் இருக்காது, அவ்வளவே. இன்காக்னிட்டோவில் உலாவியவர்களின் விவரங்களையும் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மேல் ஒரு வழக்குப் போட்டார்கள். கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024-ல் கூகுள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

அந்த ராத்திரிக்குப் பிறகு என் வீட்டுப் பழக்கம் மாறிவிட்டது. குரோமில் மூன்று ப்ரொஃபைல் வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று மனைவிக்கு. அவளுடைய பென்ஷன் காகிதம் என் மெயிலிலிருந்து போன கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். மூன்றாவதற்குத் தெரு என்றே பெயர் வைத்தேன். வந்து கேட்பவர்கள் வேலையெல்லாம் அதில்தான். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர். மூன்று ஜன்னலுக்கும் மூன்று நிறம்.

உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே தளத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால், முடிந்தவரை ஒருவருடையதை முடித்து, வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்தவருடையதைத் தொடங்குங்கள். டேப்பை மூடுவது வெளியேறுவது ஆகாது; டோக்கன் பையிலேயே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு ப்ரொஃபைல், அல்லது குரோமில் ஒருவர், ஃபயர்ஃபாக்ஸில் ஒருவர். வெவ்வேறு பிரவுசருக்கு வெவ்வேறு பை. எதையும் சேமிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்து, மேலே யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன், விண்ணப்பத்துக்கு உரிய பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். என் கண்ணில் படாதது அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டது, தன் பெயர் என்பதால்தான்.

அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று நினைத்துச் செய்தார்கள். நம் ஊரில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு வீடு, சில சமயம் ஒரு தெரு. பைகளைப் பிரித்து வைக்கும் வசதி எல்லோரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவை. அது பல வருடமாகப் பிரவுசருக்குள்ளேயே இருந்தும், நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இரண்டு பெண்களும் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். அக்கா மகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. தங்கை மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "தாத்தா, இப்ப எத்தனை டேப் திறந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.